இரயிலேறிய யானைகள்

சர்க்கஸ் என்றதும் முக்காலியில் ஏறி நின்று வணக்கம் சொல்லும் யானைதான் நம் கண்முன் வரும். காட்சி தொடங்குமுன்பே அந்த யானை ஒரு நாள் வேலையை முடித்துவிட்டு வந்திருக்கும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குபவரின் மகன் நான். அதனாலோ என்னவோ, அமெரிக்க சர்க்கஸ் வரலாற்றைப் படித்தபோது வித்தையைவிட வேலையின்மீதே என் மனம் சென்றது.

பார்னம் சர்க்கஸ் 1871-ல் குதிரை வண்டிகளில் ஊர் ஊராகப் புறப்பட்டது. மறு ஆண்டே இரயிலுக்கு மாறியது. பங்குதாரர் கூப் என்பவரின் யோசனை அது. சரக்குத் தொடரின் ஒரு முனையில் சாய்தளம் வைத்து, பெட்டிக்குப் பெட்டி இரும்புத் தகடு பாலமிட்டு, சாமான் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டி ஏற்றினார்கள். இரவெல்லாம் பயணம், விடிந்தால் புதிய நகரம். யானைகள் இறங்கியதும் சேற்றில் புதைந்த வண்டிகளைத் தள்ளும். கூடாரக் கம்பங்களை இழுத்து நிறுத்தும். பிறகுதான் அலங்காரமும் ஆட்டமும். இரவில் மறுபடி கூடாரத்தைப் பிரிக்க வேண்டும்!

ஜம்போவின் கதை வேறு. 1882-ல் இலண்டன் மிருகக்காட்சி சாலையிலிருந்து பத்தாயிரம் டாலருக்கு வாங்கப்பட்ட ஆப்பிரிக்க யானை அது. 1885 செப்டம்பர் 15 அன்று கனடாவின் செயின்ட் தாமஸ் நகரில், காட்சி முடிந்து தன் பெட்டிக்குத் திரும்புகையில் சரக்கு இரயில் மோதி இறந்தது. அதன் பிறகும் ஓய்வில்லை. தோலைப் பாடம் செய்து, எலும்புக் கூட்டைத் தனியே நிறுத்தி, இரண்டையும் சர்க்கஸோடு கொண்டுபோனார்கள்.

1919-ல் இது ரிங்லிங் சகோதரர்களின் சர்க்கஸோடு ஒன்றாயிற்று. 1956-ல் கூடாரமே கைவிடப்பட்டு, காட்சிகள் அரங்கங்களுக்குள் சென்றன. கம்பம் இழுக்கும் வேலை போயிற்று. சங்கிலியும் அங்குசமும் போகவில்லை. விலங்கு நேயர்களின் எதிர்ப்பும், சில நகரங்கள் விதித்த தடைகளும் வலுத்தபின், 2016 மே மாதத்தோடு யானைகள் மேடையைவிட்டு இறங்கின. மறு ஆண்டு சர்க்கஸே மூடப்பட்டது. 2023-ல் மீண்டும் தொடங்கியபோது அதில் ஒரு விலங்கும் இல்லை.

விலங்கியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி: யானைக்குப் புற்றுநோய் அரிதாக வருவது ஏன் என்று ஆராய்ந்தவர்கள் இந்த சர்க்கஸ் யானைகளின் இரத்தத்தையும் சோதித்தார்கள். நமக்கு ஒன்றாக உள்ள பி53 மரபணு, யானைக்கு இருபது மடங்கு இருப்பது 2015-ல் வெளியாயிற்று.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். மரபணுவைப் பற்றி அவர் கேட்கவில்லை. “வேலையை விட்டு நிறுத்தினப்புறம் அதுக்கு யாருப்பா சாப்பாடு போட்டாங்க?” என்றார்.

சர்க்கஸ் நிறுவனமே 1995-ல் ஃப்ளாரிடாவில் தொடங்கியிருந்த யானைப் பண்ணையில் போட்டார்கள் என்றேன்.