மெய்ப்பாடும் மொழி கற்றலும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றது. பெருமிதத்திற்குரிய நான்கனுள் முதலாவது கல்வி. வகுப்பறையிலோ பல குழந்தைகட்குக் கல்வி பெருமிதத்தைத் தருவதில்லை.

வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் வழங்கும் குழந்தை பிழைபடப் பேசுங்கால் வகுப்பு நகைக்கின்றது. எள்ளலும் பேதைமையும் நகையின் நிலைக்களன்கள். ஆனால் பேசிய குழந்தையிடம் தோன்றுவது இளிவரல். அதன்பின் அக்குழந்தை வாய் திறப்பதில்லை. ஆசிரியர் அம்மௌனத்தை அறியாமை எனக் கொள்கிறார். பெற்றோரும் அவ்வாறே நம்பிக் கடிந்துகொள்கின்றனர்.

1986இல் ஹார்விட்சும் உடனாய்வாளரும் 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை அமைத்து, மொழி வகுப்பில் எழும் அச்சத்தைத் தனியே ஆராய்ந்தனர். பிறர் தம்மைத் தாழ்வாக மதிப்பர் என்னும் அச்சம் அதன் கூறுகளுள் ஒன்று. அச்சம் மிக்கவிடத்துக் கேட்ட மொழியும் உள்ளத்திற் சேராது தடைபடும் என்பார் கிராஷன். அவர் கூறும் 'வடிகட்டி' அளந்து காட்டற்கு அரியதெனினும், வகுப்பறை அறிந்தார் அதனை எளிதில் மறுக்கார்.

பிழை திருத்தல் வேண்டா என்பதன்று. குழந்தை வீட்டுமொழியிற் கூறும் விடையை முதற்கண் ஏற்று, அதனையே பள்ளிமொழியில் ஆசிரியர் தம் மறுமொழியாக மீளச் சொல்லலாம். திருத்தமும் நிகழும்; நகைப்பிற்கும் இடமிராது.