தாத்தாவின் சுருட்டும் பேரனின் நுரையீரலும்

“எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரை சுருட்டுப் பிடித்தார். ஓர் இருமல்கூட இல்லை. எங்கள் உடம்பு வாகு அப்படி!”

மாதுங்கா ஸ்டேஷன் பக்கம் டீயும் பீடியுமாக நிற்கும் நம்மவர்களிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். “அப்பா நுரையீரல் புற்று நோயில்தான் போனார், எனக்கும் அதே விதி. இனி விட்டு என்ன பயன்?” என்பாரும் உண்டு. எல்லாம் பரம்பரை என்பதே இருவரும் சொல்லும் சமாதானம்.

பரம்பரைக்குப் பங்கு உண்டா? உண்டு. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அறிஞரின் வாதம்

சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்று நோய்க்கும் உள்ள தொடர்பை 1950-ல் இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இருவர் எடுத்துக் காட்டினர். புள்ளியியல் மேதை ரொனால்டு ஃபிஷர் அதை ஏற்கவில்லை. புகைக்கும் ஆசை, நோய் இரண்டையும் பிறவிக் கூறு ஒன்றே உண்டாக்கலாம் என்று 1950-களின் இறுதியில் வாதிட்டார். அவரும் பைப் பிடிப்பவர்தான்!

2008-ல் மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் ஒரே சமயத்தில் ஓர் உண்மையைக் கண்டன. 15-வது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு மாற்றம், பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தால் நோய் அபாயம் சுமார் 30 சதவீதம் கூடுகிறது. இருவரிடமிருந்தும் வந்தால் சுமார் 80 சதவீதம். ஐரோப்பிய வம்சத்தினரிடம் கண்ட கணக்கு இது.

அந்த மரபணுக்களின் வேலை என்ன? பீடி, சிகரெட்டில் உள்ள நிகோட்டின் வந்து ஒட்டும் இடத்தை நரம்பு உயிரணுக்களில் அமைப்பதுதான். இம்மாற்றம் உள்ளவர்கள் பிடிக்கத் தொடங்கினால் அதிகம் பிடிக்கிறார்கள், விடவும் சிரமப்படுகிறார்கள். அந்த அளவுக்கு ஃபிஷர் சொன்னதிலும் சிறிது உண்மை உண்டு.

ஆனால் சிகரெட் பிடிப்பவருக்கு, பிடிக்காதவரைவிட அபாயம் 15 முதல் 30 மடங்கு. பரம்பரையின் 80 சதவீதம் இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. வைக்கோல் சிலர் வீட்டில் கூடுதலாகக் காய்ந்திருக்கலாம். தீ வைப்பது பெரும்பாலும் புகைதான். புகையே பிடிக்காத சிலருக்கும் இந்நோய் வருவது உண்மையே. அதனால் பீடி குற்றமற்றது ஆகிவிடாது.

தொண்ணூறு வயதுத் தாத்தாவை நாம் பார்க்கிறோம். ஐம்பதில் போனவர்கள் டீக்கடைக்கு வந்து சாட்சி சொல்வதில்லை.

விட்டால் பயன் உண்டா?

இங்கிலாந்து டாக்டர்களை ஐம்பதாண்டுகள் கவனித்த ஆராய்ச்சி முடிவு 2004-ல் வெளியாயிற்று. 60 வயதில் விட்டவருக்குச் சுமார் 3 ஆண்டு ஆயுள் மிச்சம், 50-ல் விட்டால் 6, 40-ல் 9, 30-ல் 10. பீடி சிகரெட்டைவிடச் சாது என்று எண்ண வேண்டாம். பீடி பிடிக்கும் ஆண்கள் சுமார் 6 ஆண்டு ஆயுளை இழப்பதாக 2008-ல் வெளியான இந்திய ஆய்வு கூறுகிறது.

அப்பாவுக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால், மற்றவரைவிட நாம்தான் முதலில் விட வேண்டும். மூன்று வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம் கண்டால் டாக்டரிடம் செல்லுங்கள். விட உதவி கேட்க அரசின் இலவச எண்: 1800-11-2356.

பரம்பரையை மாற்ற முடியாது. சட்டைப் பையில் இருக்கும் கட்டைத் தூக்கி எறிய முடியும்.