ஒரு வட்டம், மூன்று பட்டி

ஒரு வெள்ளைத்தாள், பென்சில், கவராயம் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் மூன்று புள்ளிகள் வையுங்கள். மேலப்பட்டியில் 180 பேர், நடுப்பட்டியில் 170 பேர், கீழப்பட்டியில் 160 பேர். பெயர்களும் எண்களும் நான் வைத்தவை. ஆனால் மழை பெய்ததும் சேறாகிவிடும் வண்டிப்பாதையை மட்டுமே நம்பியிருக்கும் சிற்றூர்கள் இந்தியாவில் இன்றும் உண்டு.

நம் பட்டிகளுக்குத் தார்ச்சாலை கிடைக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2000 டிசம்பர் 25 அன்று மத்திய அரசு ‘பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தை’த் தொடங்கியது. சமவெளியில் குறைந்தது 500 பேர் வாழும் குடியிருப்புக்கு, மழைக்காலத்திலும் வண்டி ஓடக்கூடிய சாலை வேண்டும் என்பது அதன் கணக்கு. மலை மாநிலங்களிலும் பாலைவன, பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேர் இருந்தாலே போதும். அங்கே வீடுகள் சிதறிக் கிடக்கும். 500தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பல ஊர்கள் விடுபட்டுப் போகும்.

தனித்தனியாகப் பார்த்தால் நம் பட்டிகளில் ஒன்றுகூடத் தேறாது. ஆனால் விதியில் இன்னொரு வரி இருக்கிறது: 500 மீட்டர் வட்டத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணலாம். 1 செ.மீ. என்பது 100 மீட்டர் என வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பட்டியில் கவராய முள்ளை ஊன்றி, 5 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். மூன்று புள்ளிகளும் உள்ளே விழுந்தால் 510 பேர். தகுதி வந்துவிட்டது! கீழப்பட்டி மட்டும் ஒரு செ.மீ. வெளியே விழுந்தால் 350 பேர். தகுதி போய்விட்டது. ஊரில் ஓர் ஆள்கூடக் குறையவில்லை, பாருங்கள். கோடு எங்கே விழுந்தது என்பதுதான் மாறியது.

சரி, இந்தத் தலைகளை எண்ணியது எப்போது? திட்டத்தின் நான்காம் கட்டம் 2024இல் ஒப்புதல் பெற்றது. அது எடுத்துக்கொள்வது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. உங்களில் பத்து வயதுக்காரர்கள் அப்போது பிறக்கவே இல்லை. தினமும் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடக்கிற பிள்ளை, சாலைக்கான கணக்கில் இல்லை!

அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் குறித்தது: ஊருக்குள் பஸ் வருகிறதா? வராவிட்டால் எவ்வளவு தூரம் போக வேண்டும்? 5 கி.மீ.க்குள், 5 முதல் 10 கி.மீ., அதற்கும் மேல் என மூன்றே பிரிவுகள். ஒரு கி.மீ. நடப்பவரும் 4.9 கி.மீ. நடப்பவரும் ஒரே பெட்டியில். மணிக்கு 4 கி.மீ. நடப்பீர்கள் என்றால் முதல் ஊர்க்காரருக்குக் கால் மணி நேரம். அடுத்தவருக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த வித்தியாசம் பட்டியலில் தெரியாது, கால்களுக்குத்தான் தெரியும்.

சாலை வந்தால் பஸ் வருமா? ஒரு நாளைக்கு மூன்று நடை விடுகிறார்கள் என்று வையுங்கள். மத்தியான நடையில் ஐந்தே பேர். நஷ்டம் என்று அதை நிறுத்துகிறார்கள். காலையில் டவுனுக்குப் போனால் மத்தியானம் திரும்ப முடியாது என்று ஆனதும், காலை பஸ்ஸிலும் கூட்டம் குறைகிறது. முடிந்தவர்கள் பைக் வாங்கிவிடுகிறார்கள். அடுத்து மாலை நடையும் ஆட்டம் காணும். விளைவே திரும்பி வந்து காரணத்தை வளர்க்கும் இதைத்தான் அறிவியலில் ‘பின்னூட்டம்’ என்கிறார்கள். பெரிய பஸ் கட்டுப்படியாகாத ஊர்களுக்குச் சின்ன வண்டி விடுவது ஒரு வழி. தமிழ்நாட்டு மினி பஸ்கள் அப்படி வந்தவைதான்.

உங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் நின்று, ஏறுபவர்களை எண்ணிப் பாருங்கள். பிறகு வீடு வீடாகப் போய் இன்னொரு கேள்வி கேளுங்கள்: “பஸ் இல்லாததால் எங்கே போகாமல் இருக்கிறீர்கள்?” மூட்டுவலிக்கு ஆஸ்பத்திரி போவதையே விட்டுவிட்ட பாட்டி நிறுத்தத்தில் நிற்கவே மாட்டார். அவரையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.