முந்திய கணிப்பும் உட்கட்சித் தேர்தலும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் கண்ட அளவை. கருத்துக் கணிப்பு என இன்று வழங்கும் கலை முழுவதும் இப்பழமொழியின் விரிவே எனலாம். பல்லாயிரம் வாக்காளருள் நானூறு பேரை வினவி, ஏனையோரின் உள்ளக்கிடக்கையைக் கணக்கிடுகின்றனர். ஆயின் பழமொழி ஈரிடத்திற் பொய்க்கும். உலை கொதிக்குமுன் எடுத்த பருக்கை பதங்காட்டாது. வேறு பானையிலிருந்து எடுத்த பருக்கையும் பதங்காட்டாது. பொதுத் தேர்தலைக் காட்டிலும், ஒரு கட்சியினுள்ளே நிகழும் போட்டியில் இவ்விரு பிழைகளும் மிகுதியாக நேர்கின்றன.

அமெரிக்க ஐக்கிய நாட்டில், காங்கிரசுச் சபைக்குக் கட்சியின் சார்பிற் போட்டியிடுபவர் யாவர் என்பதைப் பெரும்பாலும் 'பிறைமரி' எனும் முதனிலைத் தேர்தலில் வாக்காளரே தெரிவு செய்கின்றனர். 2014ஆம் ஆண்டில் வேர்சீனியா மாநிலத்தின் ஏழாந் தொகுதியில் குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தல் நடைபெற்றது. பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைத் தலைவராக விளங்கிய எரிக் கான்ரரை எதிர்த்து நின்றவர், டேவ் பிராற் என்னும் பொருளியற் பேராசிரியர். தேர்தலுக்கு ஏறத்தாழ இரு வாரங்கட்கு முன்னர் கான்ரர் தரப்பினர் நடத்துவித்த கணிப்பு, அவருக்கு நூற்றுக்கு 62 பேரும் பிராற்றுக்கு 28 பேரும் ஆதரவென்று கூறிற்று. யூன் 10ஆம் நாள் வாக்குகள் எண்ணப்பட்டபோது பிராற் நூற்றுக்கு 55க்கு மேற் பெற்று வென்றார். நான்காண்டுகள் கழித்து, 2018இல், நியூயோர்க்கில் யோசப் குறோலியின் கதையும் இவ்வாறே முடிந்தது. தேர்தலுக்கு மூன்று வாரத்தின் முன் 36 புள்ளிகள் முன்னிற்பதாகக் கணிக்கப்பட்ட அவரை, அலெக்சாந்திரியா ஒக்காசியோ-கோட்டெசு என்னும் இளம் பெண்மணி தோற்கடித்தார்.

இத்துணைப் பெரும் பிழை எவ்வாறு நேர்ந்தது? கணிப்பின் இயல்பான வழு, வினவப்பட்டோர் தொகையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நானூறு பேரை வினவினால் வழு ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து. ஆனால் அந்நானூற்றுவருள் அறுபதின்மர் மட்டுமே வாக்குச்சாவடிக்குச் செல்பவராயின், பயன்தரும் மாதிரி அவ்வறுபதின்மரே. அப்போது வழு நூற்றுக்குப் பதின்மூன்றாகின்றது. முதனிலைத் தேர்தலில் வாக்களிப்போர் தொகை மிகச் சிறிது. அதிலும் அஃது ஆண்டுக்காண்டு மாறுவது. கான்ரரின் தொகுதியில் 2012இல் ஏறத்தாழ 47,000 பேர் வாக்களித்தனர். 2014இலோ 65,000 பேர் வந்தனர். கணித்தவர் பழைய பானையைக் கருதிப் பருக்கை எடுத்தனர், புதுப்பானை வேறாயிருந்தது.

கணிப்புப் பிழைபடுவதோடு நின்றால் யாருக்கும் கேடில்லை. அது தேர்தலையே மாற்றிவிடுவதுதான் கவலைக்குரியது. முந்திய கணிப்பு பெரும்பாலும் அளப்பது பெயரறிமுகத்தையேயன்றி ஆதரவையன்று. தெரிந்த பெயரைச் சொல்லுவது எவர்க்கும் எளிது. அவ்வெண் செய்தித்தாளில் வந்தவுடன், பொருளுதவுவோர் வெல்வாரென்று கருதப்படுபவர் பக்கம் சாய்கின்றனர், தொண்டர் தயங்குகின்றனர், பின்னிற்பவர் விலகிவிடுகின்றார். 2015 ஆகத்து மாதத்தில் குடியரசுக் கட்சியின் சனாதிபதி வேட்பாளர் பதினெழுவருள் முதல் விவாத மேடையேறத்தக்க பதின்மரைத் தெரிந்தெடுத்தது கணிப்பின் சராசரியே. ஆண்டின் தொடக்கத்தில் அயோவா மாநிலக் கணிப்புக்களில் முன்னின்ற சுக்கொற் வோக்கர், எண்கள் சரிந்தமையால் செத்தெம்பர் மாதத்திலேயே விலகினார். ஒருவரேனும் அப்போது வாக்களித்திருக்கவில்லை. அளவுகோலே துணியை வெட்டிற்று என்க.

நம் நாட்டில் இதற்கு நிகரான அனுபவம் வேறு வடிவில் வந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின் வாக்கெடுப்பு ஆகத்து 23 முதல் செத்தெம்பர் 20 வரை பல நாட்களிற் பரந்து நடைபெற்றது. 1956இல் ஏப்ரில் 5, 7, 10 ஆகிய மூன்று நாட்கள். முதல்நாள் முடிவுகளை அறிந்த பின்னரே எஞ்சிய தொகுதியினர் வாக்களித்தனர். ஆளுங் கட்சி தனக்கு வலுவுள்ள தொகுதிகளை முற்பட வைக்கின்றது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. வெல்லுங் குதிரைமீது ஏறும் இயல்பை நம்பிய சூழ்ச்சி அது. 1956இல் முதல்நாட் காற்று ஆளுங் கட்சிக்கு எதிராகவே வீசியது. 1960 மார்ச்சு முதல் நாடெங்கும் ஒரே நாளில் வாக்கெடுப்பு நிகழ்கின்றது.

உட்கட்சிப் போட்டிக்கு நமக்கு மிக அணித்தான சான்று திருக்கோணமலையிலேயே உண்டு. 1949இல் தோன்றிய இலங்கைத் தமிழரசுக் கட்சி, தன் தலைவரை வாக்கெடுப்பினால் முதன்முறையாகத் தெரிந்தது இந்நகரிலேதான், 2024 சனவரி 21ஆம் நாள். சிவஞானம் சிறீதரன் 184 வாக்குகளும் எம். ஏ. சுமந்திரன் 137 வாக்குகளும் பெற்றனர். (அத்தெரிவு பின்னர் நீதிமன்றம் சென்றது வேறு கதை.) வேறுபாடு 47, ஆகவே இருபத்துநால்வர் மனம் மாறியிருப்பின் முடிவும் மாறியிருக்கும். இத்தகைய சிறு சபையிற் கருத்துக் கணிப்பு எவ்வளவு பயன்படும்? பொதுமக்களை வினவினால் அது வேறு பானை. புலம்பெயர்ந்தோர் இணையத்தில் நடத்தும் வாக்கெடுப்போ இன்னுந் தொலைவான பானை. உறுப்பினரையே தனித்தனி கேட்பதாயின் அங்கே முகதாட்சணியம் குறுக்கிடுகின்றது. கேட்டு வந்தவர்க்கெல்லாம் 'பார்ப்போம், உங்களுக்குத்தான்' என்று சொல்லுவது நம்மவர் வழக்கம். இவ்வகைத் தேர்தல்களில் இரு தரப்பாரும் தத்தம் பக்கமென்று குறித்துவைக்கும் பெயர்களைக் கூட்டினால் சபையின் தொகைக்கு மேற்படுவதில் வியப்பில்லை.

விருப்பு வாக்கும் ஒருவகை முதனிலைத் தேர்தலே. 1989 முதல் பொதுத் தேர்தலோடு ஒரே சீட்டில் அது நிகழ்கின்றது. திருக்கோணமலை மாவட்டத்துக்கு நான்கு ஆசனங்கள். ஒரு கட்சி ஏழு வேட்பாளரை நிறுத்தும். வாக்காளர் கட்சிக்கு வாக்களித்து, அவ்வெழுவருள் மூவர்க்கு விருப்பு அளிக்கலாம். 'இம்முறை நமக்கு ஓராசனமே. அது இன்னார்க்கே' என்ற கணக்கு வேட்புமனு நாளிலேயே கடைத்தெருவிலும் மீன்சந்தையிலும் பரவிவிடுகின்றது. அதன்பின் ஏனைய அறுவர்க்குச் சுவரொட்டி ஒட்டவும் ஆளகப்படுவதரிது. ஆயினும் முதலிடத்தைப் போன்றே இரண்டாமிடமும் பொருளுடையது. 2020 தேர்தலில் அக்கட்சி இம்மாவட்டத்தில் ஓராசனமே பெற்றது, ஆசனத்துக்குரியவர் இரா. சம்பந்தன். அவர் 2024 யூன் 30ஆம் நாள் காலமானபோது இடைத்தேர்தல் எதுவும் நடைபெறவில்லை. விருப்பு வாக்கில் அடுத்து நின்ற சண்முகம் குகதாசன் பாராளுமன்றம் சென்றார்.