பதவிக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு தெரியுமா?

இதயத்தைக் கெடுப்பவை எவை என்று கேட்டால் சிகரெட், கொழுப்பு, உப்பு, சர்க்கரை என்று பள்ளிக்கூடப் பிள்ளையே ஒப்பித்துவிடும். அந்தப் பட்டியலில் ஒருவர் ஆபீஸில் உட்காரும் நாற்காலியையும் சேர்க்க வேண்டும் என்பது தெரியுமா?

1967-ல் லண்டனில் தொடங்கியது அந்த ஆய்வு. பிரிட்டிஷ் அரசு அலுவலகங்கள் நிறைந்த வைட்ஹால் தெருவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 17,000-க்கும் மேற்பட்ட ஆண் ஊழியர்களைப் பரிசோதித்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் யாரும் பட்டினி கிடப்பவர் இல்லை. எல்லோருக்கும் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், அரசின் இலவச மருத்துவம். அப்படியிருந்தும் பியூன், வாயில்காப்போர் போன்ற கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம், உச்சியில் இருந்த அதிகாரிகளுக்கு இருந்ததைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு!

கீழே இருந்தவர்கள் கூடுதலாகப் புகைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் இடைவெளியில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. அதைவிட ஆச்சரியம், உச்சிக்கு அடுத்த படியில் கை நிறையச் சம்பளம் வாங்கியவர்களின் நிலைமைகூட உச்சியில் இருந்தவர்களைவிட மோசமாக இருந்தது. படி இறங்க இறங்க ஆபத்து ஏறியது. 1985-ல் ஆய்வாளர் மைக்கேல் மார்மட் தலைமையில் பெண்களையும் சேர்த்து 10,308 ஊழியர்களுடன் இரண்டாவது ஆய்வு ஆரம்பமானது. தன் வேலையை எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுக்கும் வாய்ப்பு யாருக்குக் குறைவோ, அவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அது காட்டியது. பெரிய பதவிக்காரருக்குத்தான் டென்ஷன், அவருக்குத்தான் ஹார்ட் அட்டாக் என்று இத்தனை காலம் நம்பிவந்தோமே, அது தலைகீழ்!

அதே பிரிட்டனில் கிளாஸ்கோ நகரின் கால்டன் பகுதியில் ஆண்களின் சராசரி ஆயுள் 54 ஆக இருந்தது. சில கிலோமீட்டர் தள்ளி லென்சியில் 82. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2008-ல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள கணக்கு இது. ஒரே நாடு, ஒரே மருத்துவத் திட்டம், ஆயுளில் மட்டும் 28 ஆண்டு வித்தியாசம்.

புலம்பெயர்ந்தால் இதயம் என்ன ஆகும்? ஜப்பானில் இதய நோய் குறைவு. அங்கிருந்து ஹவாய்க்குப் போனவர்களுக்குக் கொஞ்சம் கூடியது, கலிபோர்னியாவுக்குப் போனவர்களுக்கு இன்னும் கூடியது. எல்லாம் சாப்பாட்டால்தான் என்று தோன்றும். மார்மட்டும் சக ஆய்வாளர் லெனர்ட் சைமும் கலிபோர்னியாவில் வாழ்ந்த 3,809 ஜப்பானிய வம்சாவளி ஆண்களை ஆராய்ந்து 1976-ல் எழுதியதைப் பாருங்கள். தங்கள் சமூகத்தோடு ஒட்டி, அதன் வழக்கங்களோடு வாழ்ந்தவர்களுக்கு இதய நோய் ஜப்பானில் இருப்பவர்களுக்கு இருந்த அளவுக்கே குறைவாக இருந்தது. அதிலிருந்து முழுவதும் விலகி வாழ்ந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மடங்கு அதிகம். உணவையும் புகையையும் கொலஸ்ட்ராலையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் சூழ வாழ்வது இதயத்தைக் காக்கிறது!

சமூகம் காப்பது இதயத்தை மட்டுமல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்த ஆய்வு மனதை உலுக்கக்கூடியது. அங்கே கிட்டத்தட்ட 200 பூர்வகுடிச் சமூகங்கள் இருக்கின்றன. பூர்வகுடி இளைஞர்களிடையே தற்கொலை மிக அதிகம் என்று பொதுவாகச் சொல்லி எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துவிடுவது வழக்கம். மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டோபர் லலோண்ட் என்ற இரு உளவியலாளர்கள் அந்தக் கணக்கைச் சமூகம் சமூகமாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட சமூகங்களில் அந்த ஆண்டுகளில் ஒரு இளைஞர்கூட அப்படிச் சாகவில்லை! எங்கே அப்படி? நிலத்துக்காக வழக்காடிய இடங்களில், தங்களைத் தாங்களே ஆளும் உரிமை பெற்ற இடங்களில், பள்ளிக்கூடமும் மருத்துவமும் காவலும் தங்கள் பொறுப்பில் இருந்த இடங்களில், பண்பாட்டுக்கென்று ஒரு கூடம் கட்டிவைத்திருந்த இடங்களில். 1998-ல் வெளியான அவர்கள் ஆய்வில், இந்த ஆறு அம்சங்களும் இருந்த சமூகங்களில் எண்ணிக்கை பூஜ்யம். ஒன்றுகூட இல்லாத சமூகங்களில் விகிதம் உச்சம். அந்த இளைஞர்களுக்கு என்ன கோளாறு என்று மட்டுமே காலங்காலமாக ஆராய்ந்தவர்களை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. அவர்களிடமிருந்து எதைப் பறித்தோம் என்றல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்!

சரி, நம்மை அளக்கும் கருவிகளாவது எல்லோரையும் சமமாக அளக்கின்றனவா? கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிவைத்தோமே, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், அது தோலின் நிறத்தைப் பொறுத்துத் தவறும் என்பது தெரியுமா? ஒளியைத் தோலுக்குள் செலுத்தி அளக்கும் கருவி அது. 2020-ல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 'பரவாயில்லை' என்று காட்டியபோதே ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தவர்கள், வெள்ளையர்களில் 100-க்கு 4 பேருக்கும் குறைவு. கறுப்பினத்தவரில் ஏறக்குறைய 12 பேர். மூச்சுத் திணறுகிறது என்று சொன்னவரை அந்த எண்ணைக் காட்டி வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

நமக்கும் இப்படி ஒரு கதை உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கும் எடைக்கும் போடும் பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் அச்சு அசலாக 22.3. உடம்புக்குள் இருந்த கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதம்! ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்பு கொழுப்பை உள்ளே ஒளித்துவைத்திருக்கிறது. புனே அருகே ஆறு கிராமங்களில் பிறந்த குழந்தைகளிடம் யாஜ்னிக் அதைப் பார்த்திருக்கிறார். எடை குறைந்து பிறக்கிறார்கள், கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 25 வரை காத்திருக்க வேண்டாம், 23-லேயே விழித்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் சொன்னதும் அதே 2004-ல்தான். 'எனக்கென்ன, நான் ஒல்லி' என்று சுகர் டெஸ்ட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் கவனிக்க!

நோயைத் தேடி இவ்வளவு தூரம் வந்தோமே, மருந்து எங்கே? சலூனில்! லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின ஆண்கள் பலருக்குக் கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம். ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதவர்கள்கூட முடிதிருத்தும் கடைக்குத் தவறாமல் போவார்கள். வருடக்கணக்கில் அதே கடை, அதே நாற்காலி, அதே சிநேகிதம். மருத்துவர் ரொனால்ட் விக்டர் 52 கடைகளையும் 319 வாடிக்கையாளர்களையும் சேர்த்தார். பாதிக் கடைகளுக்கு மருந்தாளுநர்களே நேரில் வந்து, ரத்த அழுத்தம் பார்த்து, அங்கேயே மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். மற்ற கடைகளில் முடிதிருத்துநரின் அறிவுரை மட்டும். ஆறு மாதத்தில், மருந்தாளுநர் வந்த கடைகளில் ரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 27 புள்ளி இறங்கியது, மற்ற கடைகளில் 9. அவ்வளவு பெரிய இறக்கம்! தனக்கு நம்பிக்கையான இடத்துக்கு வைத்தியம் நடந்து வந்தால் மனிதர்கள் அதை மறுப்பதில்லை.

இன்னொரு அமெரிக்க நகரமான பிலடெல்பியாவில் மருந்து காலி மனையில் கிடைத்தது. அங்கே குப்பை மண்டிக் கிடந்த 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலவற்றில் குப்பையை அள்ளிப் புல் விதைத்து, நாலு மரம் நட்டு, இடுப்புயர வேலி போட்டார்கள். அக்கம்பக்கத்தில் 'மனசு சோர்ந்து கிடக்கிறது' என்று சொன்னவர்கள் 41.5 சதவிகிதம் குறைந்தார்கள். வெறுமனே குப்பையை மட்டும் அள்ளிய மனைகளைச் சுற்றி அப்படி ஒரு மாற்றமும் தெரியவில்லை. புல்லும் மரமும் வேண்டியிருந்தன!

எல்லாவற்றையும்விட என்னை வியக்கவைத்தது நம் நாட்டில் நடந்தது. ஜார்க்கண்டின் மேற்கு சிங்பும், சராய்கேலா கர்சாவான், ஒடிசாவின் கியோஞ்சர். ஆதிவாசிகள் நிறைந்த, பிறந்து ஒரு மாதத்துக்குள் பிள்ளைகள் கைநழுவிப்போகும் மாவட்டங்கள். 'ஏக்ஜுட்' என்ற அமைப்பும் லண்டன் ஆய்வாளர்களும் 2005-ல் அங்கே இறங்கினார்கள். டாக்டரை அனுப்பவில்லை, மருந்தும் அனுப்பவில்லை. அந்தந்த ஊர்ப் பெண் ஒருவர் மாதம் ஒருமுறை பெண்களைக் கூட்டினார், அவ்வளவுதான். படம் வரைந்த அட்டைகள், கதைகள், விளையாட்டுகள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பேசலாம். போன பிரசவத்தில் என்ன நடந்தது, ஏன் பிள்ளை போனது, நம்மால் எதை மாற்ற முடியும் என்று அவர்களே பேசி அவர்களே முடிவெடுத்தார்கள். பிரசவம் பார்ப்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தொப்புள்கொடி கட்டும் நூலைக் கொதிக்கவைக்க வேண்டும் என்பன போன்ற முடிவுகள்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் அந்தக் கிராமங்களில் பச்சிளம் குழந்தைகளின் மரணம், கூட்டம் நடக்காத கிராமங்களைவிட 45 சதவிகிதம் குறைவு! மூன்றாம் ஆண்டில் தாய்மார்களின் மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மனசைப் பற்றி அங்கே யாரும் தனியாக வகுப்பெடுக்கவில்லை. கூடிப் பேசினார்கள், குழந்தைகள் பிழைத்தன, மனசும் தேறியது.

பொதுவாக ஒரு நல்ல திட்டம் வந்தால் அதன் பலன் ஓரளவு வசதி உள்ளவர்களுக்கே முதலில் போய்ச் சேரும். இங்கே கணக்கு வேறு. நிலமில்லாத, படிப்பில்லாத, மிகவும் ஒதுக்கப்பட்ட குடும்பங்களில் குழந்தை மரணம் 59 சதவிகிதம் குறைந்தது. மற்ற குடும்பங்களில் 36 சதவிகிதம். இதற்கு முன்பே நேபாளத்தின் மக்வான்பூரில் இதேபோன்ற பெண்கள் கூட்டங்கள் பச்சிளம் குழந்தைகளின் மரணத்தை 30 சதவிகிதம் குறைத்துக் காட்டியிருந்தன. 2014-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைத்தது. பிறகு ஜார்க்கண்ட் அரசே அதைக் கையில் எடுத்து, ஊருக்கு ஊர் இருக்கும் 'ஆஷா' சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு மாநிலம் முழுக்க அந்தக் கூட்டங்களை நடத்தத் தொடங்கியது.