காபிக் கடைக்குப் பெயர் வைக்கும் முன்

மேல்மலையனூரில் காபிக் கடை போட நினைப்பவர்கள் தூள் விலை, சர்க்கரை விலை விசாரிக்க நம்மிடம் வருவதுண்டு. கடைக்கு என்ன பெயர் என்று கேட்டால், "அம்மன் பெயர்தாங்க" என்பார்கள். அங்காளம்மன் குடிகொண்ட ஊரில் அதுதான் முதலில் தோன்றும், குறையில்லை. ஆனால் மொத்த வியாபாரிகளான நமக்குப் பேரேட்டைப் புரட்டும்போது சங்கடம் தெரிகிறது. ஒரே பெயரில் இரண்டு மூன்று கடைகள். முதலாளி பெயரையும் சேர்த்து எழுதினால்தான் யார் பாக்கி எவ்வளவு என்று பிரிக்க முடிகிறது. நமக்கே இப்படியென்றால் வெளியூர் பக்தருக்கு?

அமாவாசை நள்ளிரவில் ஊஞ்சல் உற்சவம். கர்நாடகம், ஆந்திரத்திலிருந்தும் வருகிறார்கள். கண் விழிக்கும் அந்தக் கூட்டம்தான் காபிக் கடைக்கு வருமானம். போன அமாவாசைக்குக் குடித்த காபியைத் தேடி வந்தவர் அதே பெயருள்ள பக்கத்துக் கடையில் உட்கார்ந்துவிட்டால், நீங்கள் நல்ல பால் வாங்கிய செலவின் பலன் அவருக்குப் போய்விடும்.

'கும்பகோணம் டிகிரி காபி' நாம் அறிந்ததே. தண்ணீர் கலவாத பாலை லாக்டோமீட்டரில் 'டிகிரி' பார்த்ததால் வந்த பெயர் என்பார்கள். நெடுஞ்சாலை ஓரங்களில் பித்தளை டபரா செட்டோடு இந்தப் போர்டு பெருகியது. பொதுப்பெயராகிவிட்டதால் நல்ல காபி போடுபவருக்குத் தனி அடையாளமில்லை; மட்டமாகப் போடுபவரின் கெட்ட பெயரிலோ எல்லோருக்கும் பங்குண்டு. சேலத்து வி.எல்.நரசு தம் பெயரையே தூளுக்கு வைத்தார். இன்றும் மளிகைக் கடையில் 'நரசுஸ்' என்று கேட்டு வாங்குகிறார்கள்.

பெரிய கம்பெனியின் பெயரைச் சற்று மாற்றிப் போடலாம் என்ற யோசனையும் சிலருக்கு வருகிறது. அது வேண்டாம். டில்லியில் 'சர்தார்பக்ஷ்' என்று காபிக் கடை நடத்தியவர்கள் மீது ஸ்டார்பக்ஸ் வழக்குப் போட்டது. விவகாரம் டில்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2018-இல் 'சர்தார்ஜி-பக்ஷ்' என்று மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. போர்டு, பில் புத்தகம், கப் எல்லாம் மறுபடி அடிக்கும் செலவைச் சிறு கடை தாங்குமா?

அம்மன் பெயரை வையுங்கள். கூடவே தாத்தா பெயரோ தெருப் பெயரோ ஒன்றைச் சேருங்கள். தெலுங்கு, கன்னடம் பேசுபவர் வாயிலும் நுழையும்படி சுருக்கமாக இருக்கட்டும். போனில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவர் திருப்பிக் கேட்காமல் எழுதிக்கொண்டால் சரி.

பெயிண்டரைக் கூப்பிடுமுன் டிரேட் மார்க் பதிவேட்டில் 43-ஆம் வகுப்பைத் தேடச் சொல்லுங்கள். உணவகங்கள் அதில்தான் வரும். பதிவு செய்தால் 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். போர்டில் தமிழ் மேலே, பிற மொழி கீழே இருப்பதுதான் விதி. முதல் நாள் பில்லிலிருந்து பத்திரப்படுத்துங்கள். பின்னால் ஒருவர் அதே பெயரைப் பதிவு செய்து கொண்டு வந்து நின்றாலும், முன்னமே நாம் வைத்த பெயர் என்று காட்ட அந்த பில்தான் ஆதாரம்.