நின்றுபோன நொடி

நொடி முள் உள்ள ஒரு சுவர்க்கடிகாரம் போதும். பார்வையை ஜன்னல் பக்கம் வைத்திருந்துவிட்டுச் சட்டென்று கடிகாரத்துக்குத் திருப்புங்கள். நாலைந்து தடவை செய்தால் ஒரு தடவையாவது முள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று நினைப்பதற்குள் அது ஓடத் தொடங்கிவிடும். சென்னை அம்பத்தூர் பக்கம் சிவப்பு எண்கள் இறங்கும் சிக்னலில் நிற்கும்போதும் இதைச் செய்து பார்க்கலாம். திரும்பியதும் கண்ணில் படும் முதல் எண், அடுத்து வருபவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும்.

கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும் அந்தச் சிறு இடைவெளியில் உலகம் முழுக்கக் கலங்கித் தெரிய வேண்டும். தெரிவதில்லை. தாவும்போது வரும் காட்சியை மூளை அமுக்கிவிடுகிறது. அப்படியானால் அங்கே ஒரு வெற்றிடம் இருக்க வேண்டுமே? அதையும் நாம் உணர்வதில்லை. லண்டனில் பேட்ரிக் ஹாகார்டு உள்ளிட்ட குழுவினர் 2001இல் ‘நேச்சர்’ இதழில் இதற்கு விடை தந்தார்கள். கண் போய்ச் சேர்ந்த இடத்தில் முதலில் எதைப் பார்த்ததோ, அதைத் தாவல் தொடங்கிய கணத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்ததாக மூளை முன்தேதியிட்டுக் கணக்கு எழுதிவிடுகிறது. அதனால்தான் முதல் நொடி நீள்கிறது. கண் தாவும் தூரம் கூடினால் அந்த நீட்டமும் கூடுகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் நொடிக்கு மூன்று முறைபோல நம் கண் இப்படித் தாவிக்கொண்டே இருக்கிறது. கடிகாரத்தைப் பார்க்கும்போது மட்டும்தான் மூளையின் இந்த வேலை நமக்குப் பிடிபடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

காத்திருப்பின் நீட்சி வேறு வகை. அன்னனூரில் ரயில் வராத கால் மணி நேரம் ஏன் நீள்கிறது? வேறு வேலை இல்லாத மனம் நேரத்தையே கவனிக்கிறது. கவனிக்கக் கவனிக்க அது நீள்கிறது. ஆனால் ஒரு வாரம் கழித்து நினைத்துப் பார்த்தால் அந்தக் கால் மணி நேரம் சுருங்கிப்போயிருக்கும், நினைவில் வைக்க அதில் ஒன்றும் இல்லாததால். 1890லேயே உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டார். கடந்துகொண்டிருக்கும் நேரத்தை அளக்க ஒரு கோல், கடந்துபோன நேரத்தை அளக்க வேறொரு கோல்.

கடிகாரமே இல்லாவிட்டால்? பிரான்ஸைச் சேர்ந்த மிஷேல் சீஃப்ர் 1962இல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் இரண்டு மாதம் தனியே இருந்தார். செப்டம்பர் 14இல் அவரை வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்று நம்பிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தபோது இரண்டு நிமிடத்தை நொடிக்கு ஒன்றாக ஒன்றிலிருந்து 120 வரை எண்ணச் சொன்னதற்கு 5 நிமிடம் எடுத்துக்கொண்டார்.

இந்த ஆய்வு நம் ஊரிலும் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. உடலுக்குள் பொழுதைக் கணக்கிடும் உயிர்க் கடிகாரம் பற்றிய ஆய்வை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரன். அவரும் ஜி. மாரிமுத்து முதலியோரும் மதுரைப் பக்கத்துக் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத குகைக்குள் கூண்டில் அடைபட்ட வௌவால்கள், சுற்றியிருந்த கூட்டம் வெளியே பறந்துபோவதை வைத்தே பொழுதைச் சரிசெய்துகொண்டன என்று 1981இல் எழுதினார்கள். பிறகு மனிதர்களையும், வெயிலும் கடிகாரமும் எட்டாத தனியறையில் நாள்கணக்காக வாழவிட்டுக் கவனித்தார்கள். அப்படி இருப்பவர்களில் சிலருக்கு ஒரு ‘நாள்’ 24 மணி நேரத்தைத் தாண்டி வெகுதூரம் நீண்டுவிடும். அவர்களோ வழக்கமான ஒரு நாளைக் கழித்ததாகத்தான் நினைப்பார்கள்.

இதேபோல் ஆட்களைத் தனித்து வாழவிட்ட ஜெர்மனியின் ஆண்டெக்ஸ் நிலவறையில் ஆய்வாளர் யூர்கன் அஷோஃப் இன்னொன்றைக் கண்டார். ஒருவர் விழித்திருக்கும் நேரம் நீண்டால், ‘ஒரு மணி நேரம் ஆகிவிட்டது’ என்று அவர் பொத்தானை அழுத்தும் இடைவெளியும் கூடவே நீள்கிறது. 10 நொடி, 2 நிமிடம் போன்ற சிறு அளவுகளை இது தொடுவதே இல்லை. மணிக்கணக்கைப் பார்த்துக்கொள்வது ஒன்று, நொடிக்கணக்கைப் பார்த்துக்கொள்வது வேறு. தலைக்குள் ஒரே கடிகாரம் இருப்பதாக எண்ணிக்கொண்டு இவற்றையெல்லாம் விளக்க முடியாது.

இனி, பலரும் சத்தியம் செய்து சொல்லும் அனுபவத்துக்கு வருவோம். எம்.டி.எச். ரோட்டில் மணலில் சறுக்கி பைக்கோடு விழுந்தவரைக் கேட்டால், “எல்லாம் ஸ்லோ மோஷன்ல நடந்த மாதிரி இருந்துச்சு” என்பார். ஆல்ப்ஸில் விழுந்து பிழைத்த சுவிஸ் நிலவியலாளர் ஆல்பர்ட் ஹைம், தன்னைப்போல் விழுந்தவர்களின் அனுபவங்களைத் திரட்டி 1892இல் வெளியிட்டார். அவர்கள் சொன்னதும் இதைப் போன்றதுதான்.

நரம்பியல் ஆய்வாளர் டேவிட் ஈகிள்மன் குழு இதைச் சோதித்தே பார்த்துவிட்டது. 31 மீட்டர் உயரத்திலிருந்து, கயிறு எதுவும் இல்லாமல், கீழே கட்டிய வலையில் மல்லாக்க விழ வேண்டும். கையில் கட்டிய கருவியில் எண்கள் படிக்க முடியாத வேகத்தில் மின்னும். நேரம் உண்மையிலேயே மெதுவாகியிருந்தால் விழும்போது அவற்றைப் படித்திருக்க வேண்டும். முடியவில்லை. ஆனால் பிறர் விழுந்த நேரத்தைவிடத் தாங்கள் விழுந்த நேரம் சராசரியாக 36 சதவீதம் நீண்டதாகச் சொன்னார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வு தரும் விளக்கம்: பயத்தில் மூளை ஒவ்வொன்றையும் அடர்த்தியாகப் பதிந்துகொள்கிறது. பின்னால் புரட்டிப் பார்க்கும்போது பதிவு கனமாக இருப்பதால், நேரமும் அதிகம் ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது.

பூந்தமல்லி, ஆவடிச் சாலைகளில் நடக்கும் விபத்துகளுக்குப் பிறகு விழுந்தவரையும் பார்த்தவரையும் நிறுத்தி, எத்தனை நொடி ஆனது என்று விசாரிப்பவர்கள் கேட்கிறார்கள். விழுந்தவர் பத்து நொடி என்பார்; வீடியோவில் மூன்று நொடிதான் இருக்கும். உடனே அவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டுவது பெரும் அநியாயம். அவர் தனக்குப் பதிந்ததைத்தான் சொல்கிறார். நொடிக்கணக்குக்குப் பதிலாக, மோதிய லாரி எந்தக் கடைக்கு எதிரே வரும்போது முதலில் பார்த்தீர்கள், அப்போது பிரேக்கில் கால் இருந்ததா என்று கேட்கலாம். அந்தக் கடையிலிருந்து விழுந்த இடம் வரை உள்ள தூரத்தை டேப் பிடித்து அளந்துவிட முடியும்.